குவாரி கொண்டுபோன தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவர நான் பட்ட பாடு

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ம் தேதி திறக்கப்படும். 2022-ல் மே 24-ம் தேதியே திறந்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் அணை திறந்தது அதுவே முதல் முறை. டெல்டா முழுவதும் குறுவைக்கு உற்சாகமாக உழுதுகொண்டிருந்த அந்தக் கோடையில்தான் எங்கள் பில்டர் பாயிண்ட், அதாவது மணலில் இறக்கிய ஆழம் குறைந்த குழாய்க் கிணறு, அடியோடு நின்றுபோனது. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழையும் பொய்க்கவில்லை. 2021-ல் தமிழ்நாடு முழுவதும் இயல்பைவிட மிக அதிகமாகவே பெய்தது. மழை இருந்தது, அணையில் தண்ணீர் இருந்தது, நிலத்துக்கு அடியில் மட்டும் இல்லை. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்வதற்குள் கையிலிருந்த பணமும் அடகு வைத்த நகையும் போய்விட்டன. ஆற்றோரத்தில் மணல் குவாரி இருக்கும் எந்த ஊரிலாவது என்னைப் போல் ஒருத்தி தனியாக நின்று விவசாயம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மயிலாடுதுறை மாவட்டத்தில் கொள்ளிடத்தின் தென்கரையில் இருக்கிறது. ஒன்பது மா நிலம், அதாவது சுமார் மூன்று ஏக்கர். கீழணை இருக்கும் அணைக்கரை என்ற ஊரில் பிரிந்து வரும் தெற்கு ராஜன் வாய்க்காலின் கடைமடை. வாய்க்கால் தண்ணீர் எங்களுக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும் என்பதால், குறுவை நாற்றங்காலுக்கு மாமனார் காலத்திலிருந்தே பில்டர் பாயிண்டைத்தான் நம்பியிருந்தோம். நாற்பது அடிக் குழாய், மேலே ஐந்து குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார், அவ்வளவுதான். கடும் கோடையிலும் பதினைந்து அடிக்குக் கீழே ஊற்று இறங்கியதில்லை. கணவர் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கிறார். வயல், மாடு, மாமியார், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் என் பொறுப்பு. அதை நான் சுமையாக நினைத்ததில்லை, அந்த மோட்டார் ஓடிக்கொண்டிருந்தவரை.

குவாரி வந்தபோது ஊரில் பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. கோயில் திருப்பணிக்குப் பணம் கொடுத்தார்கள், சில பையன்களுக்கு வேலை கிடைத்தது. அறிவிப்புப் பலகையில் ஒரு மீட்டர் ஆழம் என்று எழுதியிருந்தது. ஆனால் பொக்லைன் இறங்கி நின்ற பள்ளத்தில், மேலே நின்று பார்த்தால் வண்டியின் கூரைதான் தெரியும். பள்ளத்தின் அடியில் எப்போதும் பச்சையாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். அது எங்கள் ஊற்றுத் தண்ணீர் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

2021 ஏப்ரலில் நாற்றங்கால் விடும்போது மோட்டார் காற்று இழுக்கத் தொடங்கியது. தண்ணீர் விட்டுவிட்டு வரும், பிறகு வெறும் சத்தம் மட்டும். மெக்கானிக் தம்பி வந்தார், வாஷர் மாற்றினார், காயில் கட்டினார், குழாயைக் கழற்றி மாட்டினார். 8,500 ரூபாய். இரண்டு வாரம் ஓடி மறுபடியும் அதே கதை. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தரைக்கு மேல் இருக்கும் மோட்டார் தண்ணீரைத் தூக்குவதில்லை. காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி பத்து மீட்டர் வரை முடியும் என்றாலும் நடைமுறையில் இருபத்தைந்து அடிதான் எல்லை. ஊற்று அதற்குக் கீழே போய்விட்டால் எந்த மெக்கானிக்கும் எந்த உதிரிப் பாகமும் உதவாது. ஆகவே மோட்டார் காற்று இழுத்தால் முதலில் அளக்க வேண்டியது நீர்மட்டத்தை. பில்டர் பாயிண்டுக் குழாய் மோட்டாரோடு இணைந்திருப்பதால் அதில் அளக்க முடியாது. பக்கத்தில் பயன்படாத போரோ திறந்த கிணறோ இருந்தால், காலையில் யாரும் மோட்டார் போடுவதற்கு முன், கயிற்றின் நுனியில் ஒரு சிறிய டப்பாவைக் கட்டி இறக்குங்கள். தண்ணீரைத் தொடும்போது சத்தம் கேட்கும். அந்த இடத்தில் கயிற்றில் முடிச்சுப் போட்டு, டேப்பால் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். அந்த நோட்டுப் புத்தகம் பிறகு எவ்வளவு பெரிய ஆவணமாகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் அம்மன் கோயில் கிணற்றில் அளந்தபோது இருபத்தெட்டு அடி. பக்கத்து வயல் பெரியப்பா அதைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அம்மாடி, நான் பிறந்த நாளிலிருந்து இந்தக் கிணற்றில் குனிந்து தண்ணீர் மொண்டிருக்கிறேன்" என்றார். வேறு வழி தெரியாமல், குழி வெட்டி சிமெண்ட் உறை இறக்கி மோட்டாரை ஆறு அடி கீழே வைத்தோம். 14,000 ரூபாய். அந்தக் குறுவை எப்படியோ கரையேறியது. குழிக்குள் இறக்கிய மோட்டாரோடு இருந்த ஒரு வருடமும் எனக்குப் பயம்தான். ஈரத்தில் மின்கசிவு வரலாம், மணல் சுவர் சரியலாம். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை. அடுத்த கோடையில் அந்த ஆறு அடியும் போதவில்லை.

இப்போது பெரிய இழப்புக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: "ஆழமாகப் போர் போடுங்கள்." கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்து, சிங்கப்பூரிலிருந்து கொஞ்சம் வரவழைத்து, 160 அடிக்குப் போர் போட்டு நீர்மூழ்கி மோட்டார் இறக்கினேன். கேசிங், குழாய், மோட்டார், கேபிள் எல்லாம் சேர்த்து 2,35,000 ரூபாய். முதல் நாள் தண்ணீர் குபுகுபுவென்று வந்தபோது மாமியார் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். நான் அழுதேன். மறுநாள் அதே தண்ணீரில் வைத்த பருப்பு வேகவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தால் உவர்ப்பு. வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுத்ததில் தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன் (மீட்டருக்கு டெசிசீமன்ஸ் கணக்கில்) 3.4 என்று வந்தது. நெல்லுக்குப் பாசன நீர் இரண்டைத் தாண்டினாலே மகசூல் இறங்கத் தொடங்கும். அதற்குள் நாற்றங்காலுக்குப் பாய்ச்சியாகிவிட்டது. நாற்றின் நுனி வெளுத்து, பிறகு கருகி, ஒரு வாரத்தில் திட்டுத்திட்டாகச் செத்தது. அந்த நாட்களில் நான் யாரிடமும் பேசவில்லை. தொலைபேசியில் கணவர் கேட்டால் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றே சொன்னேன்.

கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் ஆழம் என்பது நல்ல தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லை. இங்கே மேலே ஒரு மணல் படுகை, அதன் கீழே களிமண், அதற்கும் கீழே அடுத்த மணல் என்று மாறி மாறி இருக்கும். கீழ்ப்படுகைகள் பல இடங்களில் உவர். கடலுக்கு அருகே போகப் போக இன்னும் மோசம். மேலே இருந்த நல்ல தண்ணீர் குறைந்ததும் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் உப்பு நெருங்கி வருகிறது. போர் போடுவதற்கு முன் வேளாண் பொறியியல் துறையில் மின்தடை ஆய்வு (மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி அடித் தண்ணீரைக் கணிப்பது) செய்யச் சொல்லிக் கேளுங்கள். துளைத்த பிறகு, கேசிங் இறக்குவதற்கு முன், லாகர் கருவியை இறக்கி எந்த அடியில் நல்ல தண்ணீர், எந்த அடியில் உப்பு என்று பார்க்கும் வசதியும் அங்கே உண்டு. அதற்கு ஆகும் செலவு ஒரு கேசிங் பைப்பின் விலைகூட இராது. உப்பு வந்துவிட்டால் அந்தப் போரைத் திறந்தபடி விடாதீர்கள். களிமண்ணும் சிமெண்டும் போட்டு அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் கீழ்த் தண்ணீர் மேலே ஏறி மிச்சமிருக்கும் நல்ல படுகையையும் கெடுக்கும். ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும் என்று உரக்கடையில் சொன்னார்கள். ஜிப்சம் களர் நிலத்துக்கான, அதாவது மண்ணில் சோடியம் ஏறிய நிலத்துக்கான மருந்து. உவர் ஏறிய வயலுக்கு நல்ல தண்ணீரைக் கட்டி நிறுத்தி, வடிகாலில் வடித்து, மறுபடியும் கட்ட வேண்டும். என் மூன்று மா அப்படித்தான் மீண்டது, அதுவும் புரட்டாசியில் வாய்க்கால் தண்ணீர் தாராளமாக வந்த பிறகு. அந்த மூன்று மாவில் இப்போதும் உவரைத் தாங்கும் திருச்சி 3 ரகத்தைத்தான் நடுகிறேன்.

அந்த ஆகஸ்டில் கொள்ளிடம் கரைபுரண்டது. மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள், கரையோரத்து மக்களை முகாமுக்கு மாற்றினார்கள். வெள்ளம் வடிந்த பிறகு கோயில் கிணற்றை ஆவலாகப் போய் அளந்தேன். தண்ணீர் ஏறியிருந்தது. ஆனால் தை பிறப்பதற்குள் சரசரவென்று இறங்கிவிட்டது. முன்பெல்லாம் வெள்ளத் தண்ணீரை மாசி, பங்குனி வரை பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் விடுவது ஆற்று மணல்தான். நெல்லுக்குக் குதிர் எப்படியோ, அப்படித்தான் தண்ணீருக்கு மணல். பருமணலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இடம் தண்ணீருக்குரியது. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் மணலை எடுத்தால் சுமார் 20 லட்சம் லிட்டர் தங்கும் இடம் போய்விடுகிறது. இரண்டு யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) ஏற்றிய ஒரு லாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட லிட்டருக்கான இடத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒருமுறை மட்டும் அல்ல, இனி ஒவ்வொரு வெள்ளத்திலும் அந்த இடம் நமக்கு இல்லை. இதோடு ஆற்றின் தரை பள்ளமாகிவிட்டால், கரையோர நிலத்தின் ஊற்று அந்தப் பள்ளத்தை நோக்கியே வடியும். மேட்டூரில் அணை வந்த பிறகு மேலிருந்து வண்டல் வருவதும் குறைந்துவிட்டதால் பள்ளம் தானாக மூடும் என்று காத்திருக்க முடியாது.

2018 பிப்ரவரி 16-ல் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தமிழ்நாட்டுப் படுகையில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று சொல்லி அதில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. கர்நாடகம் நமக்குத் திறந்துவிட வேண்டிய தண்ணீர் 192-லிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அடியில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லி மேலே குறைத்தாகிவிட்டது. அந்த அடித் தண்ணீரைத் தாங்கும் மணலை நாமே வெட்டி விற்றால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நீரியல் படிக்கும் என் அக்கா மகள் ஒருநாள் சொன்ன செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மாநிலம். அங்கே ஆற்றோரத்தில் சரளைக்கல் தோண்டுபவர்கள் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் பள்ளம் குளமாகிவிடும். வெயிலில் அந்தத் தண்ணீர் ஆவியாகும். அந்த இழப்பு ஆற்றின் இழப்பு, அதாவது ஆற்றை நம்பியிருக்கும் பாசனக்காரர்களின் இழப்பு என்பது அங்கே சட்டம். 1980 டிசம்பர் 31-க்குப் பிறகு நிலத்தடி நீரைத் திறந்துவிட்ட குழிகளுக்கு, ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக வேறு தண்ணீரை ஆற்றில் விடுவதற்குத் திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். இல்லையென்றால் குழியைச் சுற்றிக் களிமண் சுவர் எழுப்பி ஆற்றுத் தண்ணீர் உள்ளே வராதபடி அடைக்க வேண்டும். நான் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிப் படித்த எங்கள் குவாரியின் அனுமதி ஆணையில் ஆழம் இருந்தது, வேலை நேரம் இருந்தது, மரம் நடுவதுகூட இருந்தது. போகும் தண்ணீருக்கு ஈடு யார் தருவது என்று ஒரு வரி இல்லை. அந்த ஈட்டை என் தாலிச் சங்கிலி தந்துகொண்டிருந்தது.

தகவல் உரிமை மனு போடுவது கடினம் இல்லை. வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. கேட்க வேண்டியவை இவை: சுற்றுச்சூழல் அனுமதி ஆணையின் நகல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை, மணல் மறுபடியும் சேர்வது பற்றிய ஆய்வு, உங்கள் ஊருக்கு அருகே அரசு வைத்திருக்கும் கண்காணிப்புக் கிணற்றின் மாதவாரி நீர்மட்டம். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். நீர்மட்டம் இறங்கியது பற்றி நான் கொடுத்த மனு மேசை மேசையாகப் போய், கடைசியில் "மழைக் குறைவால் நீர்மட்டம் இறங்கியுள்ளது" என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைப் படித்தபோது கை நடுங்கியது. 2021-ல் அடைமழை பெய்திருக்கிறது, அரசின் சொந்தக் கிணற்றுக் கணக்கிலேயே அதற்குப் பிறகும் மட்டம் மீளவில்லை. என் நோட்டுப் புத்தகத்தில் இருந்த அளவுகளும் அதோடு பொருந்தின. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நீட்டியபோது, மழை என்ற வார்த்தையை அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய வருட அடங்கல் நகல்களையும் வாங்கி வையுங்கள். எந்தப் போகம், எந்தப் பயிர், எந்தப் பாசனம் என்று அதில் இருக்கும். குறுவை நின்றுபோனதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

தண்ணீர் எப்படித் திரும்பியது என்று சொல்ல வேண்டும். முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் பயிர் வைக்கிற அளவுக்கு வந்தது. இரண்டு வருடம் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் மணிக்கு 120 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கிக்கொண்டே மற்ற வேலைகளைப் பார்த்தேன். வயலை ஒட்டி ஊருக்குப் பொதுவான குட்டை ஒன்று தூர்ந்து, காட்டாமணக்கு மண்டிக் கிடந்தது. பெரியப்பாவும் இன்னும் சிலரும் சேர்ந்து, ஊராட்சியில் எழுதிக் கொடுத்து, அதைத் தூர்வாரி வாய்க்காலின் கிளையோடு இணைத்தோம். என் பங்கு 15,000 ரூபாய். வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகிற தண்ணீரில் ஒரு சிறு பகுதி இப்போது அங்கே நின்று இறங்குகிறது. குட்டையின் அடியில் களிமண் இருந்தால் தண்ணீர் இறங்காது, நிற்க மட்டும் செய்யும். மணல் தட்டுப்படும் இடம்வரை ஒரு மூலையில் வெட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டைக் கரையோரமாக ஆழம் குறைந்த மூன்று பில்டர் பாயிண்டுகளை இடைவெளி விட்டு இறக்கி, ஒரே மோட்டாரோடு இணைத்தேன். 48,000 ரூபாய். ஒரே குழாயில் வேகமாக இழுத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். மூன்றில் பிரித்து மெதுவாக இழுத்தால் மேலே மிதக்கும் நல்ல தண்ணீர் மட்டும் வரும். இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துகிறேன். உப்பை அளக்கும் கருவியை வைத்து அடிக்கடி பார்க்கிறேன். மின்கடத்துத் திறன் இதுவரை ஒன்றரையைத் தாண்டவில்லை. மோட்டாரின் குதிரைத்திறன் மாறினால் மின்வாரியத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிறகு அபராதம் கட்டுவதைவிட அது நல்லது. குறுவையை ஆறு மாவிலிருந்து இரண்டு மாவாகக் குறைத்துவிட்டேன். சம்பா அறுத்ததும் ஈரத்திலேயே உளுந்து தெளிக்கிறேன்.

வீணாகப் போனதை மட்டும் கூட்டினால் இரண்டரை லட்சத்துக்கு மேல். நகை இன்னும் முழுதாக மீளவில்லை. குவாரி அதன் காலம் முடிந்து மூடப்பட்டது, பள்ளம் அப்படியே இருக்கிறது.

இழப்பீடு கேட்பவர்களுக்கு ஒரு சட்டக் கணக்கு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. 2010-ம் ஆண்டுச் சட்டத்தின் 14-வது பிரிவில் குவாரியை நிறுத்தக் கோரிப் போவதென்றால் பிரச்சினை எழுந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள். இழப்பீட்டுக்கும், கெட்ட இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் 15-வது பிரிவு. அதற்கு ஐந்து ஆண்டு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கேட்டால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று, குறைந்தது 1,000. ஆறு மாதக் கெடுவை எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்தபோது அது கடந்துபோயிருந்தது. ஐந்து ஆண்டுக் கெடுவுக்குள் மனுவைக் கொடுத்துவிட்டேன். என் கணக்கு 2021 ஏப்ரலில், கோயில் கிணற்றில் இருபத்தெட்டு அடி என்று எழுதிய தேதியில் தொடங்குகிறது. வழக்கறிஞர் முதலில் கேட்டதும் அந்தத் தேதியைத்தான். உங்கள் ஊரில் குவாரிக்கு அளவுக்கல் நடுகிறார்கள் என்றால், முதல் லாரி வருவதற்கு முன்பே உங்கள் கிணற்றை அளந்து, பக்கத்து வயல்காரர் ஒருவரிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள்.